சலவை நாள் டைப்ரைட்டர்கள்

இனி வாழ்நாளில் ஒரு டைப்ரைட்டர்கூட வாங்குவதில்லை என்று கஸ்பார் ஸ்டுக்கி சபதம் எடுத்தது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை காலை வரைக்கும் அந்தச் சபதத்தைக் கட்டிக் காத்தார். வியாழக்கிழமை பனி கொட்டியது, வெள்ளிக்கிழமை பல் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. இந்த இரண்டும் அவருடைய மனவுறுதிக்குப் பெரிதும் உதவின.

சபதத்துக்குக் காரணம் குளியல் தொட்டி. அமெரிக்கப் படையின் பழைய டைப்ரைட்டர் ஒன்று அதில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. கப்பலேறிப் போர்முனை வரை போய், குண்டுக்குத் தப்பித் திரும்பிய இயந்திரம். த்ரூடிக்குத் தப்ப முடியவில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, வெந்நீரில் காலை நீட்டலாம் என்று துண்டும் கையுமாக வந்தவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கஸ்பார், நான் எங்க குளிக்கறது?"

"ரெண்டே நாள் பொறுத்துக்கோ. துரு விட்டுடும்."

"துரு விட்டுடும். அப்புறம் நானும் விட்டுட்டுப் போயிடறேன். ஹால்ல எத்தனை இருக்குன்னு எண்ணினியா? தையல் மேசை மேல ரெண்டு. ரொட்டி டப்பா பக்கத்துல ஒண்ணு."

"டப்பா பக்கத்துல அது இல்ல, த்ரூடி. அது பக்கத்துலதான் டப்பா இருக்கு. முதல்ல வந்தது அது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். த்ரூடி துண்டை மடித்து வைத்தாள். அவள் எதையாவது நிதானமாக மடித்தால் வீட்டில் ஒரு சட்டம் பிறக்கப்போகிறது என்று பொருள்.

"இனிமே ஒண்ணு, ஒரே ஒண்ணு நீ வாங்கிட்டு வந்தேன்னு வை, ஹால்ல இருக்கற அத்தனையும் பழஞ்சாமான் கடைக்குப் போகும். வண்டிக்கு நானே ஃபோன் பண்ணுவேன்."

மிரட்டல் என்று அதைத் தள்ள முடியாது. ஃபோன் பண்ணுவேன் என்று த்ரூடி சொல்லி, பண்ணாமல் விட்டது கிடையாது. பல் வைத்தியருக்கும் அவள்தான் பண்ணியிருந்தாள்.

கஸ்பாருக்கு எல்லா டைப்ரைட்டரும் வேண்டாம். படையில் இருந்ததுதான் வேண்டும். வருஷத்துக்கு மூன்று வாரம் ஊர் ஆண்கள் எல்லோரும் சீருடை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய் நாட்டைக் காத்துவிட்டு வந்த காலத்தில், அவர் தன் கம்பெனியின் உணவுக் கணக்கு சார்ஜென்ட். மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள், சாம்பல்பச்சை மூடி போட்ட ஒரு சின்ன டைப்ரைட்டரில், ரொட்டிக்கும் சீஸுக்கும் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார். எதிரி ஒரு தடவைகூட வரவில்லை. சீஸ் தவறாமல் வந்தது. தன் வாழ்க்கையில் தான் எழுதியதற்கு யாராவது பதில் கொடுத்தார்கள் என்றால் அது அந்த நாட்களில்தான் என்பது அவருடைய எண்ணம். மிச்ச நாளெல்லாம் தபால் பஸ் ஓட்டினார்.

சனிக்கிழமை தூன் நகரத்தில் படைக் கிடங்கைக் காலி செய்கிற விற்பனை. காலுறை வாங்கத்தான் போனார். வாங்கவும் செய்தார். காலுறைக் குவியலுக்குப் பக்கத்தில், சாம்பல்பச்சை மூடியில் சின்னச் சிலுவை முத்திரையோடு அது உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்து, நெம்புகோலை ஒரு தள்ளு தள்ளினார். காகிதம் சுற்றும் உருளை ஓடி வலது பக்கம் போய் நின்றது. ஒரு எழுத்தை அழுத்தி, இன்னும் அழுத்தி, ஓரம் வரைக்கும் கொண்டுபோனார். மணி அடித்தது. கல்யாணத்தன்று தேவாலயத்தில் அடித்த மணியைவிட இது சுத்தமாகக் கேட்டது என்று அவருக்குத் தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வாங்கியாகிவிட்டது. வைக்க இடம் வேண்டுமே.

அவர்கள் குடியிருந்த மூன்று மாடி வீட்டின் அடியில், அந்த நாட்டில் எல்லா வீட்டுக்கும் இருப்பதுபோல, அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய ஒரு பதுங்கறை இருந்தது. முழங்கை நீளக் கனத்துக்குக் கான்கிரீட் கதவு. குண்டு வருகிற வழியைக் காணோம், அதனால் உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும் குடியேறியிருந்தன. உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் கஸ்பார் டைப்ரைட்டரை இறக்கினார். அணுகுண்டு தாங்குகிற சுவர். த்ரூடியையும் தாங்கும் என்று நம்பினார்.

ஆனால் அடிக்காத டைப்ரைட்டர் வெறும் இரும்பு. அடித்தால் சத்தம். சத்தம் என்றால் வெங்கரம்மா.

கீழ்த்தளத்தில் குடியிருந்த வெங்கரம்மாதான் வீட்டுச் சட்டதிட்டங்களின் காவல் தெய்வம். மதியச் சாப்பாட்டு வேளையில் சத்தம் கூடாது, இரவில் கூடாது, ஞாயிறு முழுக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்பார் பலமாகத் தும்மிவிட்டார். மறுநாள் மாடிப்படியில் நிறுத்தி, "உடம்பு தேவலையா, ஸ்டுக்கி சார்?" என்று கேட்டார் அந்த அம்மாள். அது நலம் விசாரிப்பு இல்லை என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

வழி பிறந்தது சலவை அறையில். பதுங்கறைக்கு அடுத்த கதவு அது. வீட்டுக்கெல்லாம் பொதுவாக அங்கே ஒரே ஒரு வாஷிங் மெஷின். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள். சாவி கை மாறும். அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டியை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, சலவை நாளை மாற்றிக்கொண்டவர்கள் கிடையாது. ஒரு நாள் உருளைக்கிழங்கு எடுக்கப் போன கஸ்பார், அந்த மெஷின் துணியைப் பிழியச் சுற்றும்போது போடும் இரைச்சலைக் கேட்டு அப்படியே நின்றார். சுவர் அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு பீரங்கியையே சுட்டுப் பார்க்கலாம்.

சாயங்காலம் சூப் குடிக்கும்போது பேச்சைத் தொடங்கினார்.

"த்ரூடி, இனிமே துணி நான் துவைக்கிறேன்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "என்ன பண்ணுது உடம்புக்கு?"

"ஒண்ணும் பண்ணலை. இத்தனை வருஷமா நீதானே துவைக்கற. இப்ப நான் ரிட்டயர் ஆயாச்சு."

"நீ ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு."

"யோசிச்சிட்டிருந்தேன்."

"வெள்ளைத் துணி வேற, கலர் துணி வேற. தெரியுமா?"

"படையில துவைக்காததா?"

"படையில எல்லாமே ஒரே கலர்." த்ரூடி கரண்டியை வாய்க்குள் கொண்டுபோனாள். அவரையே பார்த்தபடி மெதுவாக விழுங்கினாள். "சரி. வியாழக்கிழமை நம்ம நாள். முடிச்சதும் பஞ்சு வடிகட்டியைத் துடைக்கணும். இல்லேன்னா வெங்கரம்மா என்னைத் துடைச்சிடுவாங்க."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று கஸ்பார் எதிர்பார்க்கவில்லை. பெண்களை மனமறிந்து நடத்தத் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு, அதில் தானும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டே தூங்கினார்.

வியாழக்கிழமை சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய நாள். துணியைப் போட்டார், தூளைப் போட்டார், காத்திருந்தார். பிழியும் சுற்று ஆரம்பித்ததும் பதுங்கறைக்குள் பாய்ந்தார். உருளைக்கிழங்குப் பெட்டிமேல் டைப்ரைட்டர், கவிழ்த்த வாளிமேல் கஸ்பார். "இரண்டாம் படைப்பிரிவுக்குக் கூடுதலாக சீஸ் அனுப்பிவைக்கக் கோருகிறேன்" என்று அடித்தார். திருப்பி அடித்தார். இரைச்சல் குறைந்ததும் கையை எடுத்தார். அடித்த சத்தம் அவர் காதுக்கே கேட்கவில்லை. தன் காதுக்கே கேட்காதது வேறு யார் காதுக்குக் கேட்கும்?

அந்தக் கேள்வியை அவர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, பதிலையும் தனக்குள்ளேயே முடித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் போதவில்லை. விரல் அரித்தது. அந்தச் சமயம் பார்த்து வெங்கரம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"குனிய முடியலை, ஸ்டுக்கி சார். நாளைக்குச் சலவை நாள். கூடையைப் பார்த்தாலே கண்ணுல தண்ணி வருது."

"நான் துவைச்சுத் தரேன்."

"ஐயோ, உங்களுக்கெதுக்குச் சிரமம்?"

"அக்கம்பக்கத்துல இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

"உங்களைமாதிரி மனுஷங்க இப்ப எங்க இருக்காங்க." கையைப் பிடித்துக்கொண்டார் வெங்கரம்மா. பிறகு ஏதோ இப்போதுதான் நினைவு வந்ததுபோல, "எங்க வீட்டுக்காரர் படையில தலைமை எழுத்தர், தெரியுமில்ல? அவர் போனதுலேருந்து பரண்ல ஒரு பெட்டி கிடக்கு. குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோக ஆள் இல்ல. உங்களுக்கு உபயோகப்படுமா, என்னவோ" என்றார்.

கஸ்பார் பெட்டியைத் திறந்தார். படைத் தலைமையகத்துக்கென்று செய்த டைப்ரைட்டர், அகலமான உருளை. விற்பனைகளில் இதைத் தேடித் தேடிக் கால் தேய்ந்தவர் அவர். சபதம் என்ன ஆயிற்று என்று மனசு ஒரு தடவை கேட்டது. வாங்குவதில்லை என்பதுதான் சபதம், இது தானாக வந்தது என்று பதில் சொல்லி மனசை உட்காரவைத்தார். பதுங்கறையில் இரண்டாவது இடம் பிடித்தது.

அதன்பிறகு அவருக்கு யோகம் அடித்தது. தேவையில்லாத சாமானை வாசல் மதில்மேல் வைத்து 'இலவசம்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவது அந்த ஊர்ப் பழக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பொதுவாகப் பூந்தொட்டியும் உடைந்த நாற்காலியும்தான் இருக்கும். இப்போது சாம்பல்பச்சைப் பெட்டிகளாக முளைத்தன. வெங்கரம்மாவின் அக்கா அடுத்த தெருவிலிருந்து போர்வைகளைக் கொடுத்தனுப்பினார், மறுநாள் மதில்மேல் ஒரு பெட்டி. அக்காவின் திரைச்சீலைகள் வந்தன, இன்னொரு பெட்டி. தேடுகிறவனைப் பொருள்கள் தாமே தேடி வரும் என்று கஸ்பார் முடிவு கட்டினார். சேகரிப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இப்படி நம்ப ஆரம்பிப்பது உண்டு. கூடவே ஒரு கூடை துணியும் வருவதை அவர் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தார். அதை உலகத்தின் பொதுவான பாரம் என்று எடுத்துக்கொண்டார்.

த்ரூடி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"வெங்கரம்மா அக்கா வீட்டுத் திரைச்சீலையை நீ எதுக்குத் துவைக்கற?"

"வயசானவங்க, பாவம்."

"அவங்க உன்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க."

"பார்த்தா தெரியலை."

"நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு, த்ரூடி சீட்டுக்கட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மருந்துக் கடைக்கு விடுமுறையான வியாழக்கிழமைகளில் இப்போது அவளுக்கு வெங்கரம்மா வீட்டு அடுக்களையில் சீட்டாட்டம். முன்பெல்லாம் நேரமே கிடைத்ததில்லை.

கஸ்பார் தொழிலில் தேறிக்கொண்டே போனார். கம்பளிக்கு எவ்வளவு சூடு, லினனுக்கு எவ்வளவு சூடு எல்லாம் விரல் நுனியில் வந்தது. விரல் நுனி வெடித்துப் போனது. சந்தையில் முன்பின் தெரியாத பெண்களின் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "அந்தத் தூள் வேண்டாம், துணி விறைச்சுப் போயிடும்" என்று சொல்ல ஆரம்பித்தார். பதுங்கறையில் ஏழு டைப்ரைட்டர் சேர்ந்திருந்தது. பிழியும் சுற்றுக்காகக் காத்திருக்கும் நேரமே வாழ்க்கையாக ஆகிவிட்டது. சில நாள், கொடியில் தொங்கும் அடுத்த வீட்டு உள்பாவாடைகளின் நடுவே நின்றுகொண்டு, சுரங்கத்தில் எதிரிக்காகக் காத்திருந்த நாட்களை நினைத்துக்கொள்வார். அப்போதாவது சம்பளம் கொடுத்தார்கள்.

விபத்து நடந்ததும் ஒரு வியாழக்கிழமைதான்.

ஏழாவது டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்தார். பத்து விரலும் கறுப்பு மை. பிழியும் சுற்று முடியப்போகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் கைக்கு எட்டிய கூடையிலிருந்து ஒரு துணியை இழுத்துக் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் பார்த்தார். வெங்கரம்மாவின் மேசைவிரிப்பு. ஓரமெல்லாம் பின்னல் வேலை. நடுவில் பத்து விரலும் தனித்தனியாக, போலீஸில் பதிவு செய்ததுபோல.

வெந்நீரில் போட்டார். எலுமிச்சை பிழிந்தார். மைக்குப் பால் நல்லது என்று மேலே ஓடிப்போய்ப் பால் கொண்டுவந்து ஊறவைத்தார். பால்தான் கறுத்தது. விரல்கள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

கஸ்பார் வாளிமேல் உட்கார்ந்தார். இதை மறைக்க முடியாது. வெங்கரம்மா கேட்பார், மை எங்கிருந்து வந்தது என்று கேட்பார், த்ரூடி ஃபோனை எடுப்பாள். ஹாலில் இருக்கும் அத்தனையும் வண்டியேறும். அமெரிக்கக்காரன், தையல் மேசைமேல் இருக்கும் இரண்டு இத்தாலிக்காரர்கள், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவன், ஒவ்வொன்றாகக் கண்முன் போனது. ரொட்டி டப்பா தனியாக இருக்கும் காட்சியை அவரால் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவர் படையில் இருந்தவர். சரணடைவது எப்படி என்று அங்கே சொல்லித்தரவில்லைதான், இருந்தாலும் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

ஈர விரிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வெங்கரம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.

அடுக்களையில் மூன்று பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். த்ரூடி, வெங்கரம்மா, மூன்றாம் மாடி பீரியம்மா. நடுவில் வால்நட் கேக். வெங்கரம்மா தரையில் விழுந்த ஒரு சீட்டை வெகு சுலபமாகக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இன்னிக்குச் சீக்கிரம் நிறுத்திட்டீங்க?" என்றார் வெங்கரம்மா. "புதுசுல மணி சரியா விழலை போல."

கஸ்பாருக்குப் புரியவில்லை. வெங்கரம்மா கையிலிருந்த சீட்டால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் இருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினார். குழாய் சுவருக்குள் புகுந்து, நேரே கீழே, பதுங்கறைப் பக்கம் போனது.

"வாஷிங் மெஷின் சத்தம் இங்க வராது" என்றார் பீரியம்மா. "மத்த சத்தம் நல்லா வரும். நாங்க அதைக் கேட்டுக்கிட்டேதான் ஆடறது. மணி அடிச்சா சீட்டுப் போடணும்."

கஸ்பார் விரிப்பை நீட்டினார். பேசவேண்டியதைப் படியிலேயே ஒத்திகை பார்த்து வந்திருந்தார். "வெங்கரம்மா, உங்க விரிப்பு" என்று மட்டும் சொன்னார்.

"அட, அதுலயா துடைச்சீங்க? நல்லது. அதுக்குத்தான் கூடையில மேலாப்பல வெச்சேன். போன தடவை நல்ல தலையணை உறையில துடைச்சிட்டீங்க."

கஸ்பார் த்ரூடி பக்கம் திரும்பினார். அவள் சீட்டை விசிறிபோல விரித்து, எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"த்ரூடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கீழ ஏழு டைப்ரைட்டர் இருக்கு."

"எட்டு" என்றாள் த்ரூடி.

"ஏழு. எனக்குத் தெரியாதா?"

"காலைல நீ கொடியில துணி போட்டுட்டிருந்தப்ப பீரியம்மாவும் நானும் இன்னொண்ணைக் கொண்டுபோய் வெச்சோம். கனம், அப்பா. அவங்க தம்பியோடது." ஒரு சீட்டைப் போட்டாள். "இந்த வீட்டுல பரணுக்குப் பரண் ஒண்ணு கிடக்குது, கஸ்பார். நாங்களும் எத்தனை வருஷமாத்தான் குப்பைக் கிடங்குக்குத் தூக்கிட்டுப் போறதுன்னு யோசிக்கறது."

"அப்ப அந்த மதில்மேல இருந்தது?"

"நான்தான் வெச்சேன். 'இலவசம்' சீட்டு எழுதினது வெங்கரம்மா. என் கையெழுத்து உனக்குத் தெரியுமில்ல."

கஸ்பார் மெல்ல நாற்காலியைத் தேடினார். காலியாக இருந்த நாற்காலியில் கேக் தட்டுகள் இருந்தன. நின்றபடியே கேட்டார்.

"வண்டிக்கு ஃபோன் பண்ணப் போறியா?"

"எதுக்கு? நீ வாங்கினது அந்த முதல் ஒண்ணுதானே. அதுக்கு இத்தனை மாசம் துவைச்சாச்சு." த்ரூடி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது. "ஆனா ஒண்ணு. ஹால்ல இருக்கறதையும் கீழ கொண்டுபோயிடு. நீ இருக்கற இடத்துல அதுங்க இருக்கட்டும். குளியல் தொட்டியை நானே கழுவிக்கறேன்."

வெங்கரம்மா வெட்டுச் சீட்டை இறக்கினார். பீரியம்மா கேக்கில் ஒரு துண்டு வெட்டி, கஸ்பாரிடம் நீட்டுவதுபோல நீட்டி, த்ரூடியின் தட்டில் வைத்தார்.

கஸ்பார் விரிப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். திட்டித் தீர்க்கலாமா என்று யோசித்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தார். ஆனால் வேறொரு யோசனை இரண்டையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"அந்த எட்டாவது" என்றார். "அது எந்த மாடல்?"

"எனக்கென்ன தெரியும். கீழ போய்ப் பாரு" என்றாள் த்ரூடி. "போறப்ப அந்தப் பீரியம்மா கூடையையும் எடுத்துக்கோ."